சிகரெட்டுப் பெட்டியில் பிறந்த வீரர் படங்கள்

சிறுவர் எதையேனும் சேர்த்து வைப்பது உலகெங்கும் காணும் இயல்பு. ரப்பர்க் கொட்டை, கோலி, தீப்பெட்டிப் படம், தபால் தலை என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு செல்வம் இருந்து வந்திருக்கிறது. இவற்றுள் விளையாட்டு வீரர்களின் உருவம் அச்சிட்ட சிறு அட்டைக்குத் தனி வரலாறு உண்டு. கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத்துப் பெற்றோர் தம் பிள்ளைகளோடு சேர்ந்து பழைய பட அட்டைகளைத் தொகுக்க விரும்பினால், அவை எவ்வாறு பிறந்தன, எவ்வாறு விலை பெற்றன என்பதை முதலில் அறிந்துகொள்வது நலம். அறிந்தபின், தேட வேண்டிய பொருள் கடையில் மட்டுமன்று, தம் வீட்டுத் தகரப் பெட்டியிலும் கிடக்கிறது என்பது விளங்கும்.

புகையிலை தந்த படம்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் சிகரெட்டு மெல்லிய காகிதப் பொட்டலங்களில் விற்கப்பட்டது. பொட்டலம் நசுங்கினால் சிகரெட்டு ஒடிந்துவிடும். அதைத் தடுக்க உள்ளே விறைப்பான அட்டை ஒன்றை வைத்தனர். வெற்று அட்டையில் படம் அச்சிட்டால் வாணிகம் பெருகும் என்பதை வணிகர் விரைவில் கண்டுகொண்டனர். வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் இருந்த ஆலன் அண்டு ஜிண்டர் நிறுவனம், 1880களின் பிற்பகுதியில், உலக வெற்றி வீரர்கள் என்ற பெயரில் 50 அட்டைகள் கொண்ட வரிசையை வெளியிட்டது. பேஸ்பால் ஆட்டக்காரர், குத்துச்சண்டை வீரர், மல்லர், படகோட்டி ஆகியோர் அதில் இடம்பெற்றனர். பிரிட்டனில் வில்ஸ் நிறுவனம் 1896இல் 50 கிரிக்கெட் வீரர்களின் படங்களை வெளியிட்டது.

வரிசையாக வெளியிட்டதே இந்த வாணிகத்தின் சூட்சுமம். 49 அட்டை கைக்கு வந்தவன் 50ஆவது அட்டைக்காக மீண்டும் கடைக்குப் போவான். தந்தை புகைத்தார், மகன் அட்டைக்குக் காத்திருந்தான். இந்தத் தொடர்பு அக்காலத்திலேயே சிலருக்கு உறுத்தலாக இருந்தது. 1909 முதல் 1911 வரை அமெரிக்கப் புகையிலைக் கம்பெனி வெளியிட்ட வரிசை ஒன்றில் ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் அட்டை தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்டது. தம் படத்துக்காகச் சிறுவர் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பர் சிலர். தமக்கு உரிய பணம் தரப்படாததால் மறுத்தார் என்பர் வேறு சிலர். எதுவாயினும், அந்த அட்டையில் ஏறத்தாழ 60 பிரதிகளே இன்று எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று 2022இல் 72 இலட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது.

இரண்டாம் உலகப்போரில் காகிதத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, 1940இல், பிரிட்டனின் சிகரெட்டு அட்டைகள் நின்றன. போருக்குப் பின் தேயிலைப் பொட்டலமும் சுவைக்கும் பசை மிட்டாயும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. இத்தாலியின் மொடேனா நகரில் 1961இல் தோன்றிய பனினி நிறுவனம், 1970ஆம் ஆண்டு மெக்சிகோ உலகக் கிண்ணத்துக்குப் பட ஏடு வெளியிட்டது. கால்பந்து வீரர் படங்களைச் சேர்க்கும் பழக்கம் அதன்பின் நாடு கடந்து பரவியது.

எறிந்ததால் வந்த விலை

அமெரிக்காவின் டாப்ஸ் நிறுவனம் 1952இல் 407 பேஸ்பால் அட்டைகள் கொண்ட வரிசையை வெளியிட்டது. பருவத்தின் இறுதியில் வந்த பகுதி சரிவர விற்கவில்லை. பல ஆண்டுகள் கிடங்கில் இடத்தை அடைத்துக் கிடந்த பெட்டிகளை, 1960ஆம் ஆண்டளவில், படகில் ஏற்றிக் கடலில் கொட்டச் செய்ததாக அவ்வரிசையை உருவாக்கிய சை பெர்கரே கூறியிருக்கிறார். அந்தப் பகுதியில்தான் மிக்கி மேன்டில் என்ற வீரரின் அட்டை இருந்தது. மிகச் சிறந்த நிலையில் காக்கப்பட்ட அதன் பிரதி ஒன்று 2022இல் 1 கோடியே 26 இலட்சம் டாலருக்கு ஏலம் போனது.

இதிலிருந்து பெறும் பாடம் தெளிவானது. அட்டைக்கு மதிப்பு வந்தது அதன் வயதால் மட்டுமன்று. மற்றவர் எறிந்ததை யாரோ ஒருவர் எறியாமல் வைத்திருந்ததால் வந்தது. 1930களில் பிரிட்டனில் பெருந்தொகையாக அச்சாகிப் பெருந்தொகையாகக் காக்கப்பட்ட கிரிக்கெட் அட்டைகள் பல, 90 ஆண்டுகள் கழித்தும் குறைந்த விலைக்கே கிடைக்கின்றன. புதிதாகத் தொடங்கும் சிறுவருக்கு அவையே ஏற்றவை.

விலையைக் கருதாது சேர்த்தவருள் ஜெபர்சன் பர்டிக் குறிப்பிடத்தக்கவர். மூட்டு நோயால் வருந்திய இந்த அமெரிக்கர் எளிய வருவாயில் வாழ்ந்தவர். பல்வகை அச்சு அட்டைகளைத் திரட்டி, வகைப்படுத்தி, எண்ணிட்டு, 1930களின் இறுதியில் ஒரு பட்டியல் நூலையும் வெளியிட்டார். வாக்னரின் அட்டை அடங்கிய வரிசையை இன்றும் அவர் இட்ட குறியீட்டாலேயே அழைக்கின்றனர். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட தம் தொகுப்பை நியூயார்க் பெருநகரக் கலைக்கூடத்துக்கு அளித்த அவர், நோயுற்ற விரல்களாலேயே அவற்றை ஏடுகளில் ஒட்டி முடித்து, 1963இல் காலமானார்.

நம்மவர் படங்கள் எங்கே?

பெட்டாலிங் ஜெயாவில் அம்கார்ப் பேரங்காடியில் வார இறுதியில் கூடும் பழம்பொருள் சந்தைக்குத் தந்தையும் மகளும் சென்றால், தபால் தலை, நாணயம், இசைத்தட்டு இவற்றோடு பழைய பட அட்டைகளையும் தேடலாம். வாங்குமுன் பூதக்கண்ணாடியால் பார்க்கச் சிறுவரைப் பழக்க வேண்டும். பழைய அசலில் தெளிந்த கோடாகத் தெரியும் எழுத்து, அதைப் படம் பிடித்து மறுபடி அச்சிட்ட போலியில் புள்ளிகளாகச் சிதறித் தெரியும்.

ஆயினும் அங்குக் கிடைக்கும் அட்டைகளில் பெரும்பாலும் அயல்நாட்டாரின் முகங்களையே காணலாம். அவற்றை வெளியிட்ட நிறுவனங்கள் தத்தம் நாட்டுச் சந்தையை நோக்கியவை. ஆனால் இந்நாட்டில் வீரருக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் எம். ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர், நால்வர் அஞ்சலோட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். அதே விளையாட்டில் எம். ராஜமணி பெண்களுக்கான 400 மீட்டரில் தங்கம் பெற்றார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடிய நேரம், 2017 வரை தேசியச் சாதனையாக நின்றது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய கால்பந்துக் குழுவில் எம். சந்திரன் இருந்தார். நீண்ட கைகளால் 'சிலந்தி மனிதர்' எனப் பெயர் பெற்ற கோல்காவலர் ஆர். ஆறுமுகம், 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியைச் சேர்ந்தவர். மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவ்வணி அங்கு ஆடவில்லை. ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் மறைந்தார். 2016இல் வந்த 'ஓலா போலா' என்ற மலாய்த் திரைப்படம் அந்த அணியின் கதையைத் தழுவியது; இன்றைய பிள்ளைகள் பலர் அக்கதையை அறிந்தது அதன் வழியாகத்தான்.

இவர்களுக்கு அட்டை தேடி அலைவதைவிட, இவர்களைக் காட்டும் காகிதங்களைத் தொகுப்பதே இங்குள்ள குடும்பத்துக்குப் பொருத்தமான தொடக்கம். 1965இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுக்கு மலேசியா தபால் தலைகள் வெளியிட்டது. 1975இல் மெர்டேக்கா அரங்கம் மார்ச்சில் உலகக் கிண்ண ஹாக்கி இறுதியாட்டத்தையும், ஜூலையில் முகமது அலியின் குத்துச்சண்டையையும் கண்டது. அன்று வாங்கிய நுழைவுச்சீட்டும் நிகழ்ச்சி ஏடும் யாரோ ஒரு தாத்தாவின் பெட்டியில் இருக்கலாம். 1924இல் தோன்றி 2019இல் நின்றுபோன 'தமிழ் நேசன்' நாளிதழின் விளையாட்டுப் பக்கத் துணுக்குகளும் அவ்வாறே.

காக்கும் முறை

இந்நாட்டின் ஈரக்காற்றும் கரையானும் காகிதத்துக்குப் பகை. அட்டையை ரப்பர் வளையத்தால் கட்டக்கூடாது, ஒட்டுநாடா படக்கூடாது, ஏட்டில் பசையிட்டு ஒட்டவும் கூடாது. அமிலம் இல்லாத தாளிலோ, பி.வி.சி. கலவாத தெளிந்த உறையிலோ இட்டு, மூடும் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலத்தோடு வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனிச் சீட்டில் ஆண்டு, ஆட்டம், இடம், யாரிடமிருந்து கிடைத்தது ஆகியவற்றைப் பிள்ளையே பென்சிலால் எழுதட்டும். பெயர் எழுதாத படம் ஒரு தலைமுறை கடந்தால் வெறுங்காகிதமாகிவிடும்.

பெயர் எழுதும் இவ்வேலையை ஒத்திவைப்பதற்கில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல நகரங்களாகிவிட்டன. சீபீல்டு தோட்ட நிலத்தில் சுபாங் ஜெயா எழுந்தது. 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டிய தேசிய அரங்கம் பழைய புக்கிட் ஜாலில் தோட்ட நிலத்தில் நிற்கிறது. தோட்டத் திடல்களில் வெறுங்காலோடு பந்து உதைத்தவர்களுக்கு எந்தக் கம்பெனியும் அட்டை அச்சிடவில்லை. ஆண்டு விழாவில் எடுத்த ஒரு குழுப் படம், கறுத்துப்போன ஒரு பதக்கம், பரிசுச் சான்றிதழ் ஆகியவையே அவர்களின் அட்டைகள். குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தபோது இத்தகையவற்றுள் எத்தனையோ குப்பைக்குப் போயின.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குச் செல்லுமுன், பிள்ளையோடு பாட்டி வீட்டுக்குச் செல்க. குழுப் படத்தில் நிற்பவர் யார் யார் என்று இடமிருந்து வலமாக அவரைக் கேட்டு, ஒவ்வொரு பெயரையும் எழுதிக்கொள்ளச் செய்க. அந்தச் சீட்டே தொகுப்பின் முதல் பக்கம்.