திறமையும் தற்செயலும்: வண்டன்மேட்டு எல்லையில் சீட்டாட்டச் சட்டத்தின் வரலாறு

ஏலத்தோட்டங்கள் சூழ்ந்த வண்டன்மேடு கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ளது. கம்பம்மெட்டு வழியாக மலை இறங்கினால் தமிழ்நாட்டின் கம்பம். தோட்டத் தொழிலாளரும் ஏலக்காயும் நாள்தோறும் கடக்கும் இந்த எல்லையில், சீட்டாட்டம் இரு வேறு சட்டங்களுக்கு உட்பட்டது. அடிவாரத்தில் 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம். மலைமேல் 1960ஆம் ஆண்டுக் கேரளச் சூதாட்டச் சட்டம். இரண்டும் திறமை விளையாட்டுகளுக்கு விலக்களித்தன. எது திறமை என்று முடிவு செய்யும் பொறுப்பு நீதிமன்றங்களைச் சேர்ந்தது.

1968இல் ஆந்திர மாநில அரசுக்கும் சத்தியநாராயணாவுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை விளையாட்டு என ஏற்றது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதும், எதைச் சேர்ப்பது எதைக் கழிப்பது என்று தேர்வதும் அதற்குக் காரணங்கள். மூன்று சீட்டு விளையாட்டை அது தற்செயலின் பக்கம் நிறுத்தியது. கேரள அரசு 1976இல் ரம்மிக்குச் சட்டத்திலிருந்து விலக்களித்தது. சென்னைக் குதிரைப் பந்தயம் பற்றிய 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பும், திறமையே மேலோங்கி நிற்கிறதா என்பதையே அளவுகோலாகக் கொண்டது.

போக்கரில் இந்த அளவுகோலைப் பொருத்துவது எளிதன்று. ஆட்டக்காரருக்கு முதலில் இரண்டு சீட்டுகள் வரும். அவை ஒரே மதிப்புடைய ஜோடியாக அமைவது 17 முறைக்கு ஒரு முறை. இரண்டும் ஆஸாக அமைவது 221 முறைக்கு ஒரு முறை. அது முழுக்கத் தற்செயல். ஆனால் பொதுச் சீட்டுகள் விரியும் முன்பே தீர்மானம் தொடங்கிவிடுகிறது. எதிரே ஒருவர் மட்டும் இருந்தால் ஆஸ் ஜோடி ஏறத்தாழ 85 விழுக்காடு வெல்லும். எட்டுப் பேரும் கடைசிவரை நின்றால் அது 35 அளவுக்குச் சரியும். எனவே பந்தயத்தை உயர்த்தி எதிரிகளைக் குறைப்பது கணக்கறிந்த செயல். ராணி ஜோடி வைத்திருப்பவருக்குக் கவலை வேறு: முதல் மூன்று பொதுச் சீட்டுகளில் ஆஸோ ராஜாவோ விழும் வாய்ப்பு 41 விழுக்காடு. அவை விரியுமுன் எவ்வளவு கேட்பது என்பதில் அவர் அறிவு வெளிப்படுகிறது.

சிறு போட்டிகளில் நிலை மாறுகிறது. கட்டாயப் பந்தயம் விரைந்து ஏறுவதால், ஒருவரிடம் அதைப்போல் பத்து மடங்குச் சில்லுகளே மிஞ்சும். அப்போது எஞ்சுபவை இரண்டே வழிகள்: விலகுவது அல்லது அனைத்தையும் வைப்பது. எப்போது எவரிடம் வைப்பது என்பதில் கணிப்பு உண்டு. வைத்தபின் சீட்டுகளே முடிவு சொல்கின்றன. ராஜா ஜோடியை எதிர்கொள்ளும் ஆஸ் ஜோடிகூட ஐந்தில் ஒரு முறைக்குச் சற்றுக் குறைவாகத் தோற்கும். ஒரே சீட்டுக்கட்டு, ஒரே விதிகள். ஆனால் போட்டியின் அமைப்பைப் பொறுத்துத் திறமைக்கு உள்ள இடம் விரிகிறது அல்லது சுருங்குகிறது.

நீதிமன்றங்களோ பெரும்பாலும் விளையாட்டின் பெயரையே எடைபோட்டன. 2017இல் குஜராத் உயர் நீதிமன்றம் போக்கரைத் தற்செயல் விளையாட்டு என்றது. கடன், தற்கொலை ஆகியவற்றைச் சுட்டிக்காட்டித் தமிழ்நாடு இயற்றிய 2021ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டில் நீக்கியது. அடுத்த மாதம், பணம் வைத்து ஆடும் இணைய ரம்மிக்குக் கேரளம் விதித்த தடையும் கேரள உயர் நீதிமன்றத்தில் வீழ்ந்தது. நீதிபதி கே.சந்துரு குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து உருவான தமிழ்நாட்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அதன் தடைப்பட்டியலில் ரம்மியும் போக்கரும் இருந்தன. நவம்பரில் நீதிமன்றம் அப்பட்டியலை நீக்கியது. இடைப்பட்ட மாதங்களில், கம்பத்தில் தடைசெய்யப்பட்ட இணையப் போக்கரைப் பெயர் சொல்லித் தடுக்கும் தனிச்சட்டம் வண்டன்மேட்டில் இல்லை. கைப்பேசி மலையேறியதும் குற்றத்தின் இலக்கணம் மாறியது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திறமை, தற்செயல் என்ற வேறுபாட்டையே ஒதுக்கி, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடைக்குள் கொண்டுவந்தது. நேரில் அமர்ந்து ஆடும் மேசைக்கோ பழைய மாநிலச் சட்டங்களும் பழைய அளவுகோலும் எஞ்சியுள்ளன. அந்த அளவுகோல் நேர்மையாகப் பொருந்த வேண்டுமெனில், போக்கர் திறமையா என்ற பொதுக் கேள்வி போதாது. கட்டாயப் பந்தயம் எவ்வளவு விரைவாக ஏறுகிறது, ஆட்டக்காரருக்கு எத்தனை தீர்மானங்கள் எஞ்சுகின்றன என்பவற்றையும் சேர்த்தே ஆராய வேண்டும். ஒருவர் குற்றவாளியா இல்லையா என்பது அதில் அடங்கியிருக்கிறது.