ஜீயஸின் பெயரும் ஹஸ்ஸி மலையும்

கிரேக்கர்களின் தலைமைக் கடவுள் ஜீயஸ். அவர் பெயரின் பூர்வீகம் எழுவாயில் தெரியாது, வேற்றுமையில்தான் வெளிப்படும். ‘ஜீயஸுடைய’ என்பது கிரேக்கத்தில் ‘தியோஸ்’. சொல்லின் தொடக்கத்தில் இருந்த ‘த்ய்’ எழுவாயில் ஜகரம் போன்ற ஒலியாகத் திரிந்துவிட்டது. உருபேற்ற வடிவத்தில் பழைய தகரம் தப்பிவிட்டது.

ஆக, பழம்பெயர் ‘த்யேயுஸ்’. பொருள், பகலின் ஒளி வானம். ரிக் வேதத்தில் வரும் த்யௌஸ், தந்தை என்ற சொல்லும் ஒட்டிக்கொண்ட லத்தீன் ஜூபிடர், ஹோமரின் மாந்தர்கள் ஜீயஸைத் தந்தையே என்று அழைக்கும் விளி எல்லாம் ஒரே குடும்பம். வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்த தேவன், திவ்யம் ஆகியவையும் அதே வேரில் கிளைத்தவை. ஆனால், கடவுளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான ‘தெயோஸ்’ இந்த வேரைச் சேர்ந்ததல்ல. காதை மட்டும் நம்புகிற சொல்லாராய்ச்சி முதலில் தடுக்கி விழும் இடம் இது.

1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் ஹோமருக்கு முந்திய கிரேக்கர்களின் லீனியர் பி எழுத்தைப் படித்துக் காட்டியபின் இந்தப் பெயரின் வயது இன்னும் கூடியது. பைலோஸ் அரண்மனையின் களிமண் பலகை ஒன்றில் ஜீயஸுக்கு ஒரு பொற்கிண்ணமும் ஓர் ஆளும், ஹீராவுக்கு ஒரு பொற்கிண்ணமும் ஒரு பெண்ணும் என்று காணிக்கைக் கணக்கு இருக்கிறது. அதே பலகையில் ‘திவியா’ என்றொரு தெய்வமும் உண்டு. ஜீயஸ் என்ற பெயரின் பெண்பால் அது. பின்னாளில் ஹீராவே மனைவியாக நிலைத்துவிட, திவியாவைப் பற்றிய பேச்சு ஏறக்குறைய மறைந்துவிட்டது.

பெயர் இப்படி அசலான இந்தோ-ஐரோப்பியச் சொத்து. கதைதான் இடிக்கிறது. வேதத்து த்யௌஸ் சாதுவான கிழவர். பூமியோடு சேர்த்துத்தான் அவரைப் பாடுகிறார்கள், தனியாக ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. ஜீயஸோ அப்பனைக் கவிழ்த்து அரியணை ஏறியவர். பொ.ஆ.மு. 700 வாக்கில் கிரேக்கக் கவிஞர் ஹெசியோத் பாடியபடி, ஊரானோஸை அவன் மகன் க்ரோனோஸ் அரிவாளால் ஆண்மையறுக்கிறான். க்ரோனோஸை ஜீயஸ் வீழ்த்துகிறான். ஊரானோஸ் என்றால் வானம். அதை வருணனோடு இணைத்துப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. இன்று பெரும்பாலோர் அதை ஏற்பதில்லை. க்ரோனோஸுக்கோ யாவரும் ஒப்பும் வேர்ச்சொல்லே அகப்படவில்லை.

கதையின் மூலத்தைத் துருக்கியில் ஹிட்டைட்டுகளின் தலைநகரான ஹட்டுசாவின் களிமண் பலகைகள் காட்டிக் கொடுத்தன. அங்கே வானக் கடவுள் அனு. அவன் ஆண்குறியைக் கடித்து விழுங்குகிறான் குமார்பி என்ற இன்னொரு கடவுள். விழுங்கியது கருவாகிவிடுகிறது, அதிலிருந்து புயற்கடவுள் தெஷுப் பிறந்து, பின்னர் குமார்பியையே ஆட்சியிலிருந்து இறக்குகிறான். வானம், அதை ஊனமாக்கியவன், இடியேந்திய வாரிசு: வரிசை அப்படியே ஹெசியோத். அண்டை மக்களான ஹூரியர்களிடமிருந்து ஹிட்டைட்டுகள் பெற்ற கதை இது. அனுவோ மெசபொட்டேமியாவிலிருந்து வந்தவன். ஹெசியோத்தைவிட ஐந்நூறு ஆண்டாவது மூத்த ஏடுகள். தற்செயல் என்று தள்ள என்னால் முடியவில்லை.

கதை எந்த வழியாக வந்தது என்பதற்கு ஒரு மலைப்பெயர் துப்பு கொடுக்கிறது. இன்றைய சிரியா-துருக்கி எல்லையில், கடலை ஒட்டி எழும் அந்த மலையை ஹூரியர்களும் ஹிட்டைட்டுகளும் ‘ஹஸ்ஸி’ என்றார்கள். அது தெஷுப்பின் மலை. அதன் அருகில் இருந்த உகாரித் நகரத்தாருக்கு அது அவர்களுடைய புயற்கடவுள் பாஅலின் இருப்பிடம். கிரேக்க நாவில் அது ‘காசியோஸ்’ ஆயிற்று. டைஃபோன் என்ற அரக்கனை ஜீயஸ் துரத்திச் சென்று மோதியது அங்கேதான் என்கிறது அப்பொல்லோதோரஸ் பெயரில் வழங்கும் புராணத் தொகுப்பு. தெஷுப்பின் எதிரியாக வளர்ந்த கல்லரக்கன் உல்லிகும்மியைத் தேவர்கள் ஏறி நின்று பார்த்ததும் ஹஸ்ஸி மலையிலிருந்துதான்.

பெயரும் மலையும் ஒட்டிக்கொண்டு ‘ஜீயஸ் காசியோஸ்’ என்ற கடவுள் உருவானார். மாலுமிகளின் காவலர். கப்பலோடு அவரும் பயணம் போனார்: எகிப்தில் பெலூசியத்தருகே ஒரு மேட்டுக்கு அதே பெயர் வந்தது, கோர்ஃபு தீவின் கசியோபேயில் கோயில் எழுந்தது. கிரேக்கப் பயணம் வந்த ரோமப் பேரரசன் நீரோ அங்கே கரையிறங்கியதும் அவர் பலிபீடத்தின் முன் பாடத் தொடங்கினான் என்று எழுதும் ரோம வரலாற்றாசிரியர் ஸ்வெடோனியஸ், அந்தக் கடவுளை லத்தீனில் ஜூபிடர் காசியஸ் என்கிறார்.