யாளி வந்த வழி

திருக்கோயில் தூண்தோறும் சிங்க உடலும் துதிக்கையும் கோரைப்பற்களுமாய் நிமிர்ந்து நிற்கும் யாளியைக் கண்டு, "இவ்விலங்கு எக்காட்டில் வாழ்ந்தது?" எனப் பிள்ளைகள் வினவுகின்றனர். முன்னாளில் வாழ்ந்து அழிந்தது என்று விடையிறுப்பாரும் உளர். அவ்விடை பொருந்துமா என்பதை ஆராய்தல் நம் கடனாகும்.

சங்க நூல்களில் யானையைக் கொல்லும் வலிய விலங்காக 'ஆளி' பேசப்படுகிறது. பொருநராற்றுப்படை, தன் முதல் வேட்டத்திலேயே களிற்றை வீழ்த்தும் ஆளிக்குட்டியைக் கரிகாற்சோழனுக்கு உவமையாக்குகிறது. ஆங்குத் துதிக்கை இல்லை; வலிமை ஒன்றே பேசப்படுகிறது.

7 ஆம் நூற்றாண்டில் மாமல்லபுரக் குடைவரைகளில் பல்லவர் தூணடியில் அமர்ந்த சிங்கத்தை அமைத்தனர். அதனை அடுத்த சாளுவன்குப்பத்தில் பாறையைச் சூழ யாளித் தலைகளே செதுக்கப்பட்டிருக்க, மக்கள் அதனைப் 'புலிக்குகை' என்று வழங்கலாயினர். தாம் அறிந்த விலங்கின் பெயரை அறியாத உருவத்திற்குச் சூட்டுவது உலகியல்பு. 1010 ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் யாளி அதிட்டானத்து வரிசையாய் அமைந்தது. விசயநகர, நாயக்க மன்னர் காலத்திலோ துதிக்கை நீட்டி, யானைமேல் ஊன்றி, தூணளவு உயர்ந்தது. வாயினுள் உருளும் கற்குண்டையும் சிற்பி படைத்தான்.

வடமொழிச் சிற்பநூலார் இதனை வியாளம் என்பர். போசமன்னன் பெயரால் வழங்கும் சமராங்கண சூத்திரதாரம் பதினாறு வியாளங்களைக் கூறும். அவற்றுள் சிங்கமுகம் மட்டுமன்றி யானை, குதிரை, மான், கிளி, சேவல் முகங்களும் உண்டு. வாழ்ந்த விலங்காயின் இத்தனை முகம் ஏது? இவ்வுருவுடைய விலங்கின் எலும்பு எங்கும் கிடைத்ததுமில்லை. ஆதலின் யாளி காட்டில் பிறந்ததன்று. புலவர் சொல்லிலும் சிற்பி உளியிலும் வளர்ந்தது என்பதே துணிபு.

வாயில்மேல் விளங்கும் கீர்த்திமுகமும் அத்தகையதே. சலந்தரன் தூதனாய் வந்த இராகுவை விழுங்க, இறைவன் புருவத்திடையே ஒரு பூதம் தோன்றிற்று. இராகு அடைக்கலம் புகவே, பசித்த பூதம் இறைவன் ஆணையால் தன் உடலையே உண்டு முகமாய் எஞ்சிற்று என்பது சிவபுராணம். இம்முகமே பௌத்த, சமணக் கோயில்களிலும் உண்டு. சாவகத் தீவின் கோயில்களில் 'காலன்' எனப் பெயர் பெறும். உருவம் ஒன்று, நாட்டுக்கும் சமயத்துக்கும் ஏற்பப் பெயரும் கதையும் வேறாயின. சைவர் அதில் கண்ட பொருள், தன்முனைப்பைத் தானே உண்டவர்க்கு இறைவன் வாயிலில் இடமுண்டு என்பதாம்.

யாளி உயிரோடு உலவிற்று என்று நாம் பிள்ளைக்குச் சொல்லின், நாளை கல்வி பெற்று அவன் உண்மை அறியும்போது, யாளியோடு கோயிலையும் பொய்யென ஒதுக்குவான். அப்பிழை நம்மைச் சாரும். "சிற்பி கருத்தில் கண்ட காவல் வடிவம் இது, வலிமையெல்லாம் இறைவன் திருவாயிலில் ஏவல் செய்து நிற்பதைக் காட்டுகிறது" என்று உரைப்பின், அவன் வளர்ந்த பின்னும் அச்சொல் நிலைபெறும். உண்மை கூறுவதால் பத்தி குறைவதில்லை. அடுத்தமுறை பிள்ளைகளை அழைத்துச் சென்று, சிங்கத்தின் உடலையும் யானையின் கையையும் தனித்தனியே காட்டி, இவ்வரலாற்றை உரைப்பீர்களாக.

திருச்சிற்றம்பலம்.