மிஷன் வீதியும் ஒரு சுவரும்

சின்னசேலத்திலிருந்து கிழக்கு நோக்கிச் சென்றால் சில மணி நேரத்தில் புதுச்சேரியை அடையலாம். கல்விச் சுற்றுலாவாக மாணவர்களை அங்குப் பலமுறை அழைத்துச் சென்றுள்ளேன். கடற்கரையையும் பிரெஞ்சு மாளிகைகளையும் கண்டு மகிழும் அவர்கள், மிஷன் வீதியை விரைந்து கடந்துவிடுவர். நாம் அறிய வேண்டிய வரலாறோ அவ்வீதியில்தான் இருக்கிறது.

1693 முதல் 1699 வரை புதுச்சேரி டச்சுக்காரர் வசம் இருந்தது. நேர் நேராக வெட்டிச் செல்லும் வீதிகளுக்குத் திட்டம் வகுத்தவர்கள் அவர்களே. நகரைத் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர் அத்திட்டத்தையே பின்பற்றினர். காலப்போக்கில் கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளையர் பகுதியும் மேற்கே தமிழர் பகுதியும் அமைந்தன. தமிழர் பகுதியில் வடக்குத் தெற்காக நீள்வது மிஷன் வீதி. அங்கே இயேசு சபையார் எழுப்பிய ஆலயத்தை மக்கள் ‘சம்பா கோயில்’ என்று அழைத்தனர்.

அவ்வாலயத்தின் உள்ளே ஒரு சுவர் இருந்தது. அதற்கு ஒருபுறம் ஒடுக்கப்பட்ட மக்கள் நின்று வழிபட்டனர். மறுபுறம் ஐரோப்பியரும் பிற சாதிக் கிறித்தவரும் வழிபட்டனர். 1745 அக்டோபரில், காரைக்கால் ஆலயத்தில் இத்தகைய சுவர் அகற்றப்பட்ட செய்தி புதுச்சேரிக்கு எட்டியது. உடனே நம் முன்னோர் திரண்டு மூத்த பாதிரியாரிடம் சென்றனர். தாங்களும் அவருடைய சீடர்களே என்றால் இந்த வேற்றுமை எதற்கு என்று வினவினர். அவ்வினாவின் நியாயத்தை உணர்ந்த பாதிரியார் சுவரை இடிக்கச் செய்தார். மேல்சாதிக் கிறித்தவர் கொதித்தெழுந்தனர். பூசல் ஆளுநர் டூப்ளே வரை சென்றது. ஒரு சுவரை இடித்த அளவில் சாதி ஒழிந்துவிடவில்லை என்பதைப் பின்வந்த காலம் காட்டிற்று.

1761இல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கியபோது அந்த ஆலயமும் அழிந்தது. இன்று நாம் காணும் பேராலயம் 1791இல் நிறைவுற்றது. ஆயினும் அவ்வினா அழியவில்லை. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் அந்நிகழ்ச்சியை எழுதி வைத்தமையே அதற்குக் காரணம். அவர் நம்மவர் அல்லர். நம் பொருட்டு எழுதியவரும் அல்லர். எனினும் எழுதினார், ஆகவே இன்று நாம் அறிகிறோம்.

அதே வீதியில்தான் பாவேந்தர் பாரதிதாசன் பயின்ற கலவைக் கல்லூரியும் உள்ளது. இன்று அது ஓர் அரசுப் பள்ளி. அதன் வாயிலில் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் எழும். நம் ஊர் முதியோர் பள்ளியில் எந்த மூலையில் அமர்த்தப்பட்டனர், எவர் முதலில் எழுந்து ‘ஏன்’ என்று கேட்டார் என்பதை நாம் எங்கேனும் எழுதி வைத்திருக்கிறோமா? கேட்டவர் பலர் இருந்திருப்பர். எழுதுவோர் இன்மையால் அவர் பெயர்கள் மறைந்தன.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு பெற வழிசெய்துள்ளது. அந்த எழுத்தைக் கொண்டு, கற்றோர் ஒவ்வொருவரும் தம் இல்லத்து முதியோரிடம் அமர்ந்து, அவர்கள் கூறுவதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பாராக. நம் வரலாற்றைப் பிறர் நாட்குறிப்பில் தேடும் நிலை நம் பேரப்பிள்ளைகளுக்கு வேண்டாம்.