கோணசங்கு: வானியலுக்குள் ஓர் இருபடிச் சமன்பாடு

சாய்தளத்தில் நிற்கும் பொருளுக்கோ எறிபொருளுக்கோ கோணம் காணும் மாணவர், சைனும் கோசைனும் ஒரே சமன்பாட்டில் அருகருகே நிற்பதைக் கண்டு சற்றுத் தயங்குவர். பின்னர் ஒன்றை மறுபுறம் தள்ளி, இருபுறமும் வர்க்கப்படுத்தி, இருபடிச் சமன்பாடாக்கித் தீர்ப்பர். இவ்வழி ஐரோப்பியக் குறியீட்டு இயற்கணிதத்தின் கொடை என்றே பலரும் கருதுகின்றனர். சூரிய சித்தாந்தத்தின் மூன்றாம் அதிகாரத்தைப் படித்தவர்கள் அவ்வாறு கருத இயலாது.

அங்கு எழும் வினா இது: கிழக்குக்கும் தெற்குக்கும் சரிநடுவே சூரியன் வரும்போது, அதன் உயரம் யாது? அவ்வுயரத்தின் ஜ்யாவே கோணசங்கு. இன்றைய மொழியில் எழுதினால், அறியாத உயரத்தின் சைனும் கோசைனும் ஒரே சமன்பாட்டில் வந்து நிற்கும்.

நூல் தரும் விதியில் குறியீடு ஏதுமில்லை. 12 விரல் உயரச் சங்கின் சமநாள் நண்பகல் நிழலே தொடக்கம். நிழலின் வர்க்கத்தோடு 72ஐக் கூட்டினால் வகுப்பான். ஆரத்தின் வர்க்கத்தில் பாதியிலிருந்து அக்ரையின் வர்க்கத்தைக் கழித்து, 144ஆல் பெருக்கி, வகுப்பானால் வகுத்தால் கரணி. (உதயப் புள்ளி நேர்கிழக்கிலிருந்து விலகும் அளவின் ஜ்யாவே அக்ரை.) நிழல், அக்ரை, 12 ஆகிய மூன்றின் பெருக்கத்தை அதே வகுப்பானால் வகுத்தால் பலன். பலனின் வர்க்கத்தைக் கரணியோடு கூட்டி வர்க்கமூலம் காண வேண்டும். சூரியன் வடகோளத்தில் இருந்தால் அதனோடு பலனைக் கூட்டுக. தென்கோளத்தில் இருந்தால் கழிக்க.

நிறுவல் எதுவும் நூலில் இல்லை. ஆயினும் பலனின் வர்க்கத்தைக் கூட்டும் அந்த ஒரு படியே, வர்க்கத்தை நிறைவாக்கும் முறையின் தெளிவான தடயம். ஆரியபட்டர் 499இல் வட்டிக் கணக்குக்குக் கையாண்டதும், பிரம்மகுப்தர் 628இல் பொதுவிதியாக உரைத்ததும் இதே முறைதான்.

சமநாளில் சோதித்துப் பார்க்கலாம். நிழல் 5 விரல் எனில் அட்சரேகை ஏறக்குறைய 22.6 பாகை, உஜ்ஜயினிக்கு அண்மையது. அன்று அக்ரை சுழி, ஆகவே பலனும் சுழி. வகுப்பான் 97. ஆரம் 3438 எனக் கொண்டால் கோணசங்கு 2962. உயரம் சுமார் 59.5 பாகை. இன்றைய கோள முக்கோணவியலும் இதையே தருகிறது.

ஜ்யா விகிதமாக அன்றி நீளமாக இருந்ததே இதற்கு வழிவகுத்தது என்பது என் கருத்து. நீளத்தை நிழலோடு ஒப்பிடலாம், வர்க்கப்படுத்தலாம், அறியாத எண்ணாகவும் கொள்ளலாம்.

வர்க்கப்படுத்தும்போது நுழையும் வேண்டாத மூலம் இங்கு என்னவாயிற்று? கரணி மிகை எண்ணாக இருக்கும்வரை, இரு மூலங்களில் ஒன்று மிகை, மற்றொன்று குறை; குறைமூலம் அடிவானத்துக்குக் கீழே உள்ள சூரியனைக் குறிக்கும். சூரியனின் பெருவிலக்கம் 24 பாகை என்று கொண்டால், ஏறக்குறைய 55 பாகை அட்சரேகை வரை கரணி குறை எண்ணாவதில்லை. ஆகவே இந்நாட்டில் எங்கும் ஒரே விடைதான். கடகரேகைக்குத் தெற்கே கோடையில் சூரியன் உச்சிக்கு வடக்காகச் செல்லும் நாள்களில் அது கடப்பது வடகிழக்கு மூலையை. அப்போதும் விதி மாறுவதில்லை, ஏனெனில் வர்க்கத்தில் வடக்கும் தெற்கும் ஒன்றே.