நாகர்கோவிலில் வீடு பார்க்கிறவர்களுக்கு: கோட்டாறா, வடசேரியா, பார்வதிபுரமா?

"நாகர்கோவில்ல எந்த ஏரியா பாக்கலாம்?" மாதத்துக்கு ரெண்டு பேராவது இதைக் கேட்கிறார்கள். சென்னை அலுத்துப்போனவர்கள், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டதால் ஊர்ப்பக்கம் வரப்போகிறவர்கள், பென்ஷன் வாங்கியாச்சு இனி அம்மா ஊர்ல இருப்போம் என்கிறவர்கள். நான் வீட்டு புரோக்கர் இல்லை. வடசேரிக்கு வடக்கே கொஞ்சம் வயலும் வாழையும் வைத்திருக்கிறவன். சந்தைக்குக் குலை கொண்டுபோகிற சாக்கில் இந்த டவுணின் எல்லா மூலையும் தெரியும், அவ்வளவுதான்.

புரோக்கர் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். பஸ் ஸ்டாண்ட் அஞ்சு நிமிஷம், ஸ்கூல் பத்து நிமிஷம், நாலுவழிச்சாலை வந்தா சென்ட் விலை எங்கயோ போயிரும். இதெல்லாம் வேணும்தான். ஆனா நான் சொல்வது வேற ரெண்டு கேள்வி. மழை பெய்தா இங்கண வெள்ளம் எந்த வழியா போகும்? இந்தத் தெருவில அந்தக் காலத்துல யாரை விட்டாங்க, யாரை விடல? ரெண்டுக்கும் பதில் ஊரின் சரித்திரத்தில் இருக்கிறது.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளணும். நாகர்கோவில் ஒரே ஊராகப் பிறந்து வளர்ந்தது இல்லை. 1920-ல் நகராட்சி, 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது மாவட்டத் தலைநகர், 2019-ல் மாநகராட்சி. 2011 கணக்குப்படி ரெண்டேகால் லட்சம் பேர். ஆனா உள்ளே இருப்பது, வயலுக்கும் குளத்துக்கும் இடையில் தனித்தனியாகக் கிடந்த பழைய ஊர்கள். நடுவில் கிடந்த வயல் நிரம்பி நிரம்பி இப்போது ஒரே டவுண் மாதிரித் தெரிகிறது.

இதில் ரொம்பப் பழசு கோட்டாறு. ரெண்டாம் நூற்றாண்டில் தாலமி எழுதிய கொட்டியாரா என்பது இதுதான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். முதலாம் குலோத்துங்க சோழன் தெற்கே படையெடுத்து வந்து கோட்டாற்றில் நிலைப்படை வைத்ததை அவன் மெய்க்கீர்த்தி பேசுகிறது. பாண்டிநாட்டுச் சரக்கும் மலைநாட்டுச் சரக்கும் கைமாறிய இடம் இது. சந்தையை இன்றைக்கும் கம்போளம் என்றுதான் சொல்வோம். யாவாரம் நடக்கிற ஊருக்கு எல்லா ஆளும் வேணும். அதனால்தான் சவேரியார் பேராலயம் இங்கே. பக்கத்து இடலாக்குடியில் பிறந்தவர்தான் 1907-ல் சென்னையில் சதாவதானம் செய்துகாட்டிய செய்குத்தம்பிப் பாவலர். கோட்டாறில் தெரு குறுகல், கார் நிறுத்த இடம் கிடையாது, காலையிலேயே லாரிச் சத்தம். ஆனா ரயில்வே ஜங்ஷன் பக்கம், அரிசியும் பலசரக்கும் மொத்த விலைக்கு, பக்கத்து வீட்டில் எந்த மதக்காரர் இருந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

கோட்டாறை ஒட்டி வடிவீஸ்வரம். அழகம்மன் கோயிலைச் சுற்றித் தெரு போட்டு உண்டான ஊர். இங்கே தெருதான் ஊருக்குக் கணக்கு. நேர்கோடான அக்ரகாரத் தெரு, ஒட்டு ஒட்டாக வீடு, நீளமாகப் போய்க் கொல்லையில் முடியும். அமைதி வேணும்னா இதைவிடக் கொள்ளாம் என்று சொல்ல இடம் இல்லை. ரெண்டாவது கேள்வியையும் இங்கேயே கேட்டுக்கொள்ளணும். திருவிதாங்கூரில் கோயிலைச் சுற்றின தெருக்கள் பலவற்றில் பாதி ஜனத்துக்கு நடக்கவே உரிமை இல்லாமல் இருந்தது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சுசீந்திரத்தில் 1926-ல் அதற்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12-ல் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்த பிறகுதான் சட்டப்படி கதவு திறந்தது. இப்போது தெருவில் யாரும் தடுப்பதில்லை. ஆனா வாடகைக்கு வீடு கேட்டுப் பாருங்கள். "சைவம்தானே?" என்று ஒரு கேள்வி வரும். அது சாப்பாட்டைப் பற்றிய கேள்வி இல்லை என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும்.

ஊருக்குப் பேர் கொடுத்த நாகராஜா கோயில் நடுவில். இது ஒரு காலத்தில் சமணக் கோயில். தூணில் மகாவீரரும் பார்சுவநாதரும் இன்றைக்கும் இருக்கிறார்கள். கருவறைக்குக் கூரை ஓலைதான், வருஷா வருஷம் மாற்றி வேய்வார்கள். பிரசாதம் கருவறை மண், எப்போதும் ஈரம். புல்லோ நெல்லோ அறுத்த பெண்ணின் அரிவாள் பாம்பின் மேல் பட்டு ரத்தம் வந்தது என்பது கோயில் கதை. அரிவாளும் ஈரமும் எதைச் சொல்கிறது? ஊரின் நடுவே வயல் கிடந்தது.

அந்த நடுப்பகுதிக்கு 1818-ல் லண்டன் மிஷன்காரர்கள் வந்தார்கள். மயிலாடியில் இருந்த மீட் பாதிரியார் இங்கே மாறினார். பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், பெண்களுக்கு லேஸ் பின்னும் வேலை, 1893-ல் ஸ்காட் கல்லூரி வகுப்புகள் எல்லாம் வந்தது. மணிமேடையும் அதே வருஷம். கோயில் தெருவில் நுழைய முடியாதவர்களின் பிள்ளைகள் நுழைந்த முதல் வாசல் இந்தப் பக்கம்தான் இருந்தது. வேப்பமூடு, செட்டிகுளம், வெட்டூர்ணிமடம் பக்கம் பள்ளிக்கூடத்துக்கும் டாக்டருக்கும் பஞ்சமில்லாமல் இருப்பதற்கு வேர் அங்கே கிடக்கிறது. இப்போது அதுக்கு விலை, சென்ட் கணக்கைக் கேட்டாலே தலை சுற்றும்.

இனி என் வடசேரி. பேரிலேயே வடக்கு இருக்கிறது. இது கைவேலைக்காரர்களின் ஊர். சாலியர் தெருவில் தறிச் சத்தம், ஆசாரிமார் பட்டறையில் கோயில் நகை. வெள்ளியில் செய்து தங்கத் தகடு பொதிந்து சிவப்புக் கல் பதிப்பார்கள். சாமிக்குச் செய்தது பிறகு பரதநாட்டியக்காரர்களுக்குப் போனது, புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. தழுவிய மகாதேவர் கோயில் ஒரு பக்கம், கனகமூலம் சந்தை ஒரு பக்கம், கிறிஸ்டோபர் பஸ் ஸ்டாண்ட் ஒரு பக்கம். ராத்திரி ஒரு மணிக்கு சென்னை பஸ்ஸில் இறங்கினாலும் நடந்து வீட்டுக்குப் போகலாம். வயசானவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். சந்தையில் மட்டிப்பழம், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ, பேச ஆள். சத்தமும் நெரிசலும் பழகிக்கொள்ளணும்.

வடசேரிக்குக் கிழக்கே ஒழுகினசேரி. சோழர் கட்டிய சோழராஜா கோயில் இங்கே, 1908-ல் என்.எஸ். கிருஷ்ணன் பிறந்ததும் இங்கே. பழையாறு ஓடுவதும் இங்கேதான். முதல் கேள்வி இங்கே தொடங்குகிறது. மலையிலிருந்து இறங்குகிற வெள்ளம் இந்த ஆற்றில்தான் ஒழுகினசேரி, சுசீந்திரம் வழியா மணக்குடி கடலுக்குப் போகணும். சோழன் கோயிலைக் கொஞ்சம் மேட்டில் கட்டினான். ஆற்றுக்கும் மேட்டுக்கும் நடுவில் வயலை விட்டார்கள். அந்த வயல் சும்மா கிடக்கவில்லை. ஆறு பெருகினால் அகன்று படுக்க இடம் கொடுத்தது.

நாஞ்சில்நாட்டு ஆட்கள் வீட்டை மேட்டில் கட்டி, பள்ளத்தை நெல்லுக்கு விட்டவர்கள். விளை என்று பேர் முடிந்தால் மேட்டு நிலம், தெங்கும் மாவும் நிற்கும். ஏலா, பற்று, குளம் என்று வந்தால் வெள்ளம் நிற்கிற இடம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று ரெண்டு போகம். அதுக்காக மன்னர்கள் வாய்க்கால் வெட்டினார்கள். 1906-ல் மிஞ்சின் துரை பேச்சிப்பாறை அணையைக் கட்டி முடித்தபோது திருவிதாங்கூருக்கே சோறு போட்டது இந்த வயல்தான்.

அப்புறம் அது எப்படிப் ப்ளாட் ஆனது? இதைக் கேட்டது என் தங்கச்சி மகன். சென்னையில் இருந்து பார்வதிபுரம் பக்கம் மனை பார்க்க வந்தவன். "மக்கா, நூறு வருஷத்துக்கு முந்தியா இருந்தா என் வயலே உனக்குத்தான்டே, நீ மனை தேட வேண்டாம்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. எங்கள் பக்கம் சொத்து மகனுக்குப் போகாது, மருமகனுக்குப் போகும். கவிமணி அதைக் கேலி பண்ணித்தான் மருமக்கள்வழி மான்மியம் எழுதினார். 1926-ல் நாஞ்சில்நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்து பாகம் பிரிக்க வழி உண்டானது. அது வேண்டிய சட்டம்தான். பெற்ற பிள்ளையும் பெண்டாட்டியும் நடுத்தெருவில் நின்ற கதைகள் அவ்வளவு. ஆனா ஒரே கணக்கில் கிடந்த வயல் நாலாச்சு, நாலு பதினாறாச்சு. அறுபது சென்ட் வயலில் உழுதால் கூலிக்கும் காணாது. அதே அறுபது சென்ட்டைக் கல் நாட்டி விற்றால் ஒரு பிள்ளைக்குக் கல்யாணமும் ஒரு பிள்ளைக்குப் படிப்பும் ஆகும். விற்றவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இப்படித்தான் டவுணுக்கு மேற்கே பார்வதிபுரம், ஆசாரிப்பள்ளம் பக்கமும் வடக்கேயும் 'நகர்' என்று முடிகிற பேர்கள் முளைத்தது. மெடிக்கல் காலேஜ் பக்கம், திருவனந்தபுரம் ரோடு பக்கம், அகலத் தெரு, கார் நிறுத்த இடம் எல்லாம் உண்டு. புது நகரில் யாரும் "நீங்க என்ன ஆளு?" என்று சீக்கிரம் கேட்பதில்லை, எல்லோரும் வந்தவர்கள்தான். ரெண்டாவது கேள்விக்கு இது நல்ல பதில். முதல் கேள்விக்கு ஒவ்வொரு மனைக்கும் தனித்தனிப் பதில். 2021 நவம்பர் மழையில், பேர் சொல்ல வேண்டாம், ஒரு புது நகரில் வீட்டுக்குள் முட்டளவு வெள்ளம் நின்றது. பக்கத்தில் பழைய விளையில் இருந்த ஓட்டு வீட்டில் திண்ணைகூட நனையவில்லை. வெள்ளம் புதுசா வழி கண்டுபிடிக்கவில்லை, பழைய வழியில்தான் வந்தது.

ஆகவே கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். சத்தம் பரவாயில்லை, எல்லாம் கைக்கெட்டணும் என்றால் வடசேரி, கோட்டாறு. அமைதி வேணும், கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெம்பு உண்டு என்றால் வடிவீஸ்வரம். பிள்ளைகள் படிப்பு, கையில் காசு இருந்தால் நடுப்பகுதி. சொந்தமாகக் கட்டணும், இடம் தாராளமாக வேணும் என்றால் மேற்கே போங்கள். ஆனா மனையைப் பங்குனி வெயிலில் போய்ப் பார்க்காதீர்கள், அப்போது எல்லா நிலமும் மேடுதான். ஐப்பசியில் ரெண்டு நாள் விடாமல் பெய்த பிறகு போங்கள். பத்திரத்தில் பழைய பதிவைத் தேடி நஞ்சையா புஞ்சையா என்று பாருங்கள். பக்கத்து டீக்கடையில் வயசானவர் யாராவது இருந்தால், "இந்த நகருக்கு முந்தி என்ன பேரு?" என்று கேளுங்கள். அவர் சொல்கிற பேரில் குளமோ ஏலாவோ இருந்தால் டீயைக் குடித்துவிட்டு அடுத்த மனையைப் பார்க்கப் போகலாம்.