கயிற்றை இழுத்தால் என்ன ஆகும்?

ஐடியில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் ரெட்ரோ மீட்டிங் தெரியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து, எது சரியாகப் போச்சு, எது சொதப்பிச்சு, அடுத்து எதை மாத்தலாம் என்று பேசுவது. என் முதல் வேலையில் ஒரு ரிலீஸுக்கு முந்தைய நாள், நான் எழுதிய கோடில் ஒரு பிழை இருப்பதைப் பார்த்துவிட்டேன். சொல்லவில்லை. சொன்னால் ரிலீஸ் நிற்கும், "யார் பண்ணது?" என்ற கேள்வி வரும். அடுத்த வார ரெட்ரோவில் "கம்யூனிகேஷன் இம்ப்ரூவ் ஆகணும்" என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டினேன். பக்கத்தில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதையேதான் எழுதியிருந்தார்கள்.

நாம் பயன்படுத்தும் கான்பான் போர்டும், வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே போகும் 'கைசென்' என்ற எண்ணமும் ஜப்பானின் டொயோட்டாவிலிருந்து வந்தவை. அந்தப் பழக்கம் வேறு ஊருக்குப் போனபோது என்ன ஆனது என்பதற்குக் கலிபோர்னியாவில் ஒரு கதை இருக்கிறது.

ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. அந்த நிறுவனத்தின் ஆலைகளிலேயே மோசமானது என்று பெயர் வாங்கியது. திடீர் வேலைநிறுத்தங்கள், வேலை நேரத்தில் குடி, சாதாரண நாளிலேயே ஐந்தில் ஒருவர் வரமாட்டார். அங்கே மீறவே கூடாத விதி ஒன்றுதான்: லைன் நிற்கக் கூடாது. காரில் குறை தெரிந்தாலும் அப்படியே அனுப்பு, கடைசியில் பார்த்துக்கலாம். 1982இல் ஆலையை மூடிவிட்டார்கள்.

1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து 'நும்மி' என்ற பெயரில் அதைத் திரும்பத் திறந்தார்கள். வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய ஆட்கள். சங்கமும் அதேதான். நூற்றுக்கணக்கானோரை ஜப்பானில் உள்ள டகாஓகா ஆலைக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள்.

அவர்கள் அங்கே பார்த்ததில் முக்கியமானது ஒரு கயிறு. 'ஆண்டான்' என்பார்கள். ஏதாவது சரியில்லை என்றால் தொழிலாளி அதை இழுக்கலாம். விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார். கார் அடுத்த இடத்துக்குப் போவதற்குள் சரியாகவில்லை என்றால் லைன் நிற்கும். இந்த எண்ணத்தின் வேர் தறியில் இருக்கிறது. டொயோட்டாவின் மூலவரான சகிச்சி டொயோடா, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறிகளைச் செய்தவர். தறி ஓடிக்கொண்டே இருந்தால் துணி முழுக்கப் பழுதாகும். நின்றால்தான் எந்த நூல் அறுந்தது என்று தெரியும்.

நும்மியில் இரண்டே வருடத்தில் காரின் தரம் டகாஓகாவுக்கு இணையாக வந்தது. வேலைக்கு வராதவர்களின் அளவு ஒற்றை இலக்க சதவீதமானது. ஆட்கள் மாறவில்லையே, பிறகு எது மாறியது? கயிறு என்று சொல்லத் தோன்றும். எனக்கு அதற்குப் பின்னால் இருந்த ஒப்பந்தம்தான் முக்கியமாகப் படுகிறது. கடும் நெருக்கடி வந்தாலொழிய ஆட்குறைப்பு இல்லை என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்திருந்தது. 1988 வாக்கில் விற்பனை படுத்தபோது யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. பயிற்சியிலும் கைசென் வேலைகளிலும் உட்கார வைத்தார்கள். 'இந்த வேலையை இன்னும் குறைவான ஆளை வைத்தே செய்யலாம்' என்று ஒருத்தர் சொல்ல வேண்டுமென்றால், அந்தக் குறைகிற ஆள் தான் இல்லை என்ற உறுதி அவருக்கு வேண்டாமா?

எல்லோரும் கைதட்டவில்லை. மைக் பார்க்கரும் ஜேன் ஸ்லாட்டரும் இதை மன அழுத்தத்தால் நடத்தும் நிர்வாகம் என்றார்கள். மிச்சம் பிடித்த ஒவ்வொரு நொடியும் இன்னொரு வேலையாகத் திரும்பி வருகிறது என்பது அவர்கள் வாதம். ஸ்பிரிண்ட் ஓடியவர்களுக்கு அது புரியும்.

ஜெனரல் மோட்டார்ஸ் இதே முறையை அதே கலிபோர்னியாவில் வான் நைஸ் ஆலையில் கொண்டுவரப் பார்த்தது. அங்கே நிர்வாகத்தை நம்பத் தொழிலாளர்கள் தயாராக இல்லை. 1992இல் அந்த ஆலை மூடப்பட்டது. நும்மியும் 2010இல் மூடப்பட்டது. இன்று அந்தக் கட்டடத்தில் டெஸ்லா கார் செய்கிறது.

இப்போது நான் ஒரு சின்ன டீமுக்கு லீட். போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, ரிலீஸுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் வந்து, "அண்ணா, நான் ஒண்ணு தப்பா பண்ணிட்டேன்னு நினைக்கிறேன்" என்றாள். ரிலீஸை நிறுத்தினோம். மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள். மெயிலில் அவள் பெயரைப் போடாமல் என் பெயரைப் போட்டேன்.